பூட்டிக்கொண்ட வைஃபை பெட்டியைத் திரும்பத் திறத்தல்

தென் தில்லியின் சரோஜினி நகர் என்றதும் வெளியூரிலிருந்து வருவோருக்கு அங்குள்ள துணிச் சந்தையே நினைவுக்கு வரும். தில்லித் தமிழர்களுக்கு அது குடியிருந்த இடம். முன்னாளில் வினய் நகர் என்று வழங்கிய அப்பகுதியில் மத்திய அரசு ஊழியர்களுக்கான வீடுகள் எழுந்த காலந்தொட்டுத் தமிழ்க் குடும்பங்கள் அங்கு வாழ்ந்து வந்துள்ளன. அங்குள்ள விநாயகர் கோயிலும், அடுத்திருக்கும் லக்ஷ்மிபாய் நகரில் இயங்கும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியும் அந்த வாழ்வின் அடையாளங்கள். 2016-ஆம் ஆண்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ஏழு குடியிருப்புப் பகுதிகளின் மறுசீரமைப்புத் திட்டத்தில் சரோஜினி நகரும் இடம்பெற்றது. பழைய தாழ்ந்த வீடுகள் இருந்த இடங்களில் இப்போது அடுக்குமாடிகள் எழுந்து வருகின்றன.

அரசுக் குடியிருப்பில் எவரும் நிலையாகத் தங்குவதில்லை. இடமாற்றம், பதவி உயர்வு, பணி ஓய்வு என ஏதேனும் ஒரு காரணத்தால் குடும்பங்கள் வந்தும் போயும் கொண்டிருக்கும். புதிய வீட்டுக்கு வந்தவுடன் எரிவாயு இணைப்பு, மின் அளவி, பால் அட்டை ஆகியவற்றை எல்லோரும் மறவாமல் சரிபார்க்கிறார்கள். சுவரில் ஆணியடித்து மாட்டப்படும் அந்தச் சிறிய வெள்ளைப் பெட்டியை, அதாவது வைஃபை ரவுட்டரை, எவரும் பொருட்படுத்துவதில்லை. இணைப்புக் கொடுக்க வந்த இளைஞர் அதில் ஒரு கடவுச்சொல்லை இட்டுச் சென்றிருப்பார். அல்லது விடுமுறைக்கு வந்த மகன், பாதுகாப்புக் கருதி எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பியிருப்பான். இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு புதிய கைப்பேசியை இணைக்கவோ வைஃபையின் பெயரை மாற்றவோ முற்படும்போதுதான், பணம் கட்டி வாங்கிய பெட்டிக்குள் நுழையத் தமக்கே வழியில்லை என்பது வீட்டுக்காரருக்குத் தெரிய வருகிறது.

வங்கியின் இதழில் இதை ஏன் எழுத வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். இவ்வாறு வெளியே நிற்க நேர்ந்தவர் அடுத்துச் செய்யும் செயல்தான் காரணம். அவர் கைப்பேசியின் தேடுபொறியில் ரவுட்டர் நிறுவனத்தின் பெயரையும் ‘கஸ்டமர் கேர்’ என்பதையும் தட்டச்சு செய்கிறார். முதலில் கிடைக்கும் எண்ணை அழைக்கிறார். மறுமுனையில் இருப்பவர் உண்மையான நிறுவனத்தைச் சேர்ந்தவராக இல்லாவிடில், அன்று திறக்கப்படுவது ரவுட்டர் அன்று. அவருடைய சேமிப்புக் கணக்கு. ரவுட்டரைத் திறக்க வேண்டிய வழி வீட்டுக்குள்ளேயே, கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. அதை அறிந்தவர் அந்த எண்ணைத் தேட வேண்டிய அவசியமே ஏற்படாது.

இரண்டு கடவுச்சொற்கள்

குழப்பத்தின் பெரும்பகுதி, இரண்டு வேறு கடவுச்சொற்களை ஒன்றென எண்ணுவதால் விளைகிறது. முதலாவது, வைஃபையில் சேர்வதற்கானது. விருந்தினர் வந்ததும் கேட்பது இதைத்தான். இரண்டாவது, ரவுட்டரின் அமைப்புகளை மாற்றுவதற்கான நிர்வாகக் கடவுச்சொல். முதலாவது வீட்டின் வாசற்கதவுச் சாவி போன்றது. இரண்டாவது, எந்தக் கதவுக்கு எந்தப் பூட்டுப் போடுவது என்று தீர்மானிக்கும் உரிமையைத் தருவது. ஒன்றை மறந்திருந்து மற்றொன்று கையில் இருந்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. நிர்வாகக் கடவுச்சொல் தெரிந்தால் வைஃபை கடவுச்சொல்லை உள்ளே சென்று பார்க்கவோ மாற்றவோ இயலும்.

வீடுகளில் உள்ள பெட்டி பெரும்பாலும் மூன்று வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது. வெளியிலிருந்து வரும் கண்ணாடி இழையையோ தொலைபேசிக் கம்பியையோ ஏற்பது மோடத்தின் வேலை. வீட்டிலுள்ள கருவிகளுக்கு முகவரி அளித்துப் போக்குவரத்தைப் பிரித்து அனுப்புவது ரவுட்டரின் வேலை. அதைக் காற்றில் அலைகளாகப் பரப்புவது ‘ஆக்சஸ் பாயின்ட்’ எனப்படும் அணுகுமுனையின் வேலை. கோயில் மண்டபம், சங்க அலுவலகம், பெரிய கடை போன்ற இடங்களில் அணுகுமுனை மட்டும் தனிப் பெட்டியாகக் கூரையில் பொருத்தப்பட்டிருக்கும். இங்கே கூறப்படுபவை பெரும்பாலும் இவ்விரு வகைக்கும் பொருந்தும்.

அழிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

நிர்வாகப் பக்கத்துக்குச் செல்ல இணையம் தேவையில்லை. ரவுட்டரோடு இணைந்துள்ள கணினியின் உலாவியில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்ற முகவரியை இட்டால் பல பெட்டிகளில் அப்பக்கம் திறக்கும். இவை தனிப்பட்ட வலையமைப்புகளுக்குள் மட்டுமே பயன்படுவதற்காக 1996-இல் வெளியான ஓர் உலகளாவிய வரையறையின்படி ஒதுக்கி வைக்கப்பட்ட எண்கள்; அதனால்தான் உங்கள் வீட்டிலும் அண்டை வீட்டிலும் ஒரே எண் இருந்தும் மோதல் எழுவதில்லை. உங்கள் பெட்டியின் சரியான எண், கைப்பேசியின் வைஃபை விவரப் பக்கத்தில் ‘கேட்வே’ அல்லது ‘ரவுட்டர்’ என்ற சொல்லுக்கு எதிரே இருக்கும்.

இங்கே இரண்டு சிறு இடையூறுகள் பலரைத் திகைக்க வைக்கின்றன. கைப்பேசியில் மொபைல் டேட்டா இயங்கிக்கொண்டிருந்தால், வைஃபையில் இணையம் வராதபோது கைப்பேசி தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். நிர்வாகப் பக்கம் திறக்காது. ஆகவே அதை முதலில் நிறுத்த வேண்டும். மற்றொன்று, எண்ணை உலாவியின் முகவரிப் பட்டையில் இடாமல் தேடல் பெட்டியில் இடுவது. ஒரு புள்ளி தவறினாலோ, ஒன்று என்ற இலக்கத்துக்குப் பதிலாக அதைப் போலத் தோன்றும் ஆங்கில எழுத்து விழுந்தாலோ, தேடல் முடிவுகளும் விளம்பரங்களும் வந்து நிற்கும். மேலே சொன்ன போலி உதவி எண்களுக்கு இட்டுச் செல்லும் வழிகளில் இதுவும் ஒன்று.

பக்கம் திறந்ததும் பெட்டியின் அடிப்பகுதியைப் புரட்டிப் பாருங்கள். அங்கு ஒட்டப்பட்டுள்ள சிறு தாளில் தொழிற்சாலையில் இடப்பட்ட வைஃபை பெயர், வைஃபை கடவுச்சொல், நிர்வாகப் பக்கத்தின் பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவை அச்சாகியிருக்கும். தில்லியின் தூசியிலும் கோடை வெப்பத்திலும் அச்சு மங்கியிருந்தால், கைப்பேசியில் ஒரு படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்ப்பது கண்ணுக்கு எளிது. எவரும் இதுவரை மாற்றவில்லை என்றால் அந்தக் கடவுச்சொல்லே போதும். பல பெட்டிகள் சில முறை தவறான சொல் விழுந்தவுடன் சற்று நேரத்துக்கு எந்த முயற்சியையும் ஏற்பதில்லை. அப்போது சரியான சொல்லை இட்டாலும் பயனிராது. பதற்றத்தில் மேலும் மேலும் முயல்வதை விட்டு, காபி குடித்துவிட்டு வந்து முயல்வதே நன்று.

மறந்தது வைஃபை கடவுச்சொல் மட்டும் என்றால், ஏற்கெனவே இணைந்திருக்கும் வேறொரு கருவி அதை நினைவில் வைத்திருக்கும். 2019-இல் வெளியான ஆண்ட்ராய்டு 10 முதலான பதிப்புகளில், இணைந்துள்ள வைஃபையின் பெயரைத் தொட்டுப் ‘பகிர்’ என்பதைத் தேர்ந்தால் சதுரக் குறியீடு ஒன்று தோன்றும். புதிய கைப்பேசி அதைப் படித்தே இணைந்துவிடும். ஐபோனில் 2022-இல் வந்த ஐ.ஓ.எஸ். 16 முதல், சேமித்த கடவுச்சொல்லை அமைப்புகளிலேயே காணலாம். விண்டோஸ் கணினியிலும் இணைப்பின் பண்புகளில் எழுத்துகளைக் காட்டச் சொல்லும் வசதி உண்டு. வீட்டில் ஒரு பழைய மடிக்கணினி மூலையில் கிடந்தால் அதை உயிர்ப்பித்துப் பாருங்கள்.

சரியான கடவுச்சொல் கையில் இருந்தும் கைப்பேசி இணைய மறுக்கும் நிலையும் உண்டு. முன்பு அமைத்தவர், குறிப்பிட்ட கருவிகளை மட்டும் அனுமதிக்கும் பட்டியல் ஒன்றை ரவுட்டரில் ஏற்படுத்தியிருக்கலாம். ஒவ்வொரு கருவிக்கும் ‘மேக்’ முகவரி என ஓர் அடையாள எண் உண்டு. அப்பட்டியல் அந்த எண்களால் ஆனது. அண்மைக் காலக் கைப்பேசிகள் தம் உரிமையாளரின் தனிமையைக் காக்கும் பொருட்டு ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைவு எண்ணையே காட்டுகின்றன. எனவே நேற்றுவரை பட்டியலில் இருந்த அதே கைப்பேசிகூட, வைஃபையை ஒருமுறை நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்த்தாலோ மென்பொருளைப் புதுப்பித்தாலோ அந்நியனாகிவிடக்கூடும். கைப்பேசியின் வைஃபை அமைப்பில் ‘கருவியின் மேக்’ என்பதைத் தேர்ந்தால் சில வேளைகளில் இந்தப் பூட்டு அப்போதே விலகும்.

கம்பியையும் மறக்க வேண்டாம். சில பெட்டிகளில் காற்றுவழியாக நிர்வாகப் பக்கம் திறக்காதபடி அமைத்திருப்பார்கள். அரை மீட்டர் நீளமுள்ள லேன் கம்பியால் கணினியை நேரடியாக இணைத்தால் வழி கிடைக்கும்.

ஊசித் துளை

இவற்றில் எதுவும் பலிக்காவிடில், பெட்டியைப் பிறந்த நாளின் நிலைக்குக் கொண்டுசெல்வதே வழி. பின்புறத்திலோ அடியிலோ ஊசிமுனை அளவிலான துளை ஒன்று இருக்கும். அதன் அருகே ‘ரீசெட்’ என்று எழுதியிருக்கும். சிம் அட்டையை எடுக்கும் முள்ளோ, நிமிர்த்திய காகிதப் பிடிப்பூக்கோ போதும். இதில் பெரும்பாலான நிறுவனங்கள் ஒரே ஏற்பாட்டைப் பின்பற்றுகின்றன. தொலைவிலிருந்து எவராலும் இயலாததை, பெட்டியைக் கையில் எடுக்கக்கூடியவர் செய்யலாம். பெட்டியைத் தொட முடிந்தவரே அதன் உரிமையாளர் என்று கருவி நம்புகிறது. பெட்டியை வரவேற்பறையில் எல்லோர் கைக்கும் எட்டும்படி வைக்கலாகாது என்பதற்கும் இதுவே காரணம்.

ஆனால் முள்ளை எடுப்பதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு தேவை. ரீசெட் செய்தால் அழிவது மறந்துபோன கடவுச்சொல் மட்டும் அன்று. இணைய சேவை நிறுவனத்தோடு பெட்டி தன்னை அடையாளம் காட்டிக்கொள்ளும் பயனர் பெயர், கடவுச்சொல், சில இணைப்புகளில் ‘வி.லேன்’ எனப்படும் ஓர் எண் ஆகியவையும் சேர்ந்து அழியும். அவற்றைக் குறித்து வைக்காமல் அழித்தவர், பூட்டைத் திறந்து உள்ளே சென்றபின் வீட்டில் விளக்கே எரியாததைக் காண்பார். ஆகவே மாதக் கட்டண ரசீதில் அச்சிட்டுள்ள எண்ணில் சேவை நிறுவனத்தை அழைத்து, அந்த விவரங்களை முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கண்ணாடி இழை இணைப்பாயின் மேலும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: பெட்டி யாருக்குச் சொந்தம்? சேவை நிறுவனமே கொடுத்த பெட்டி என்றால் அதை அவர்கள் தம் அலுவலகத்திலிருந்தே அமைக்க வல்லவர்கள். உங்கள் பதிவு செய்த கைப்பேசி எண்ணைச் சரிபார்த்தபின் வைஃபை கடவுச்சொல்லை அங்கிருந்தே மாற்றித் தருவதும் உண்டு. அவ்வாறான இடத்தில் ரீசெட் தேவையே இல்லை. தேவையில்லாமல் செய்தால் தொழில்நுட்பப் பணியாளர் நேரில் வரும்வரை இணைப்பின்றி இருக்க நேரலாம். பெட்டியில் ‘லாஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் கோளாறு கடவுச்சொல்லில் இல்லை. இழை எங்கோ அறுந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது. கட்டுமானப் பணி நடக்கும் பகுதிகளில் இதுவே முதல் ஐயமாக இருக்க வேண்டும்.

விவரங்கள் கையில் கிடைத்தபின், பெட்டியில் மின்சாரம் இருக்கும்போதே துளைக்குள் உள்ள பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். பெரும்பாலான பெட்டிகளுக்குப் பத்து நொடிகள் போதும். விளக்குகள் எல்லாம் ஒருங்கே மினுக்கியபின் விட்டுவிடலாம். அடுத்த இரண்டு மூன்று நிமிடங்கள் மின்சாரத்தை நிறுத்தக் கூடாது. சில பெட்டிகளில் ‘டபிள்யூ.பி.எஸ்.’ என்ற வேறொரு பணிக்கும் ரீசெட்டுக்கும் ஒரே பொத்தான் இருக்கும். சிறிது அழுத்தினால் ஒன்று, நெடுநேரம் அழுத்தினால் மற்றொன்று. ஒன்றும் நிகழவில்லை என்று எண்ணுவோர் பலர் போதிய நேரம் பிடிக்காதவர்களே.

பழைய பொருள் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. நேரு பிளேஸ் போன்ற கணினிச் சந்தைகளில் அலுவலகங்கள் கழித்த அணுகுமுனைகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றுள் சில, ஊசித் துளைக்குக் கட்டுப்படாதவை. சிஸ்கோ மெராக்கி போன்ற கருவிகள் இணையத்திலுள்ள ஒரு நிறுவனக் கணக்கில் பதிவாகியிருக்கும். பழைய உரிமையாளர் அக்கணக்கிலிருந்து விடுவிக்கும்வரை, எத்தனை முறை ரீசெட் செய்தாலும் பெட்டி அவரையே எசமானராகக் கருதும். விற்பவரிடம் விடுவிப்புச் சான்று இல்லையெனில் அது வெறும் பிளாஸ்டிக்.

திறந்தபின் தொடங்கும் வேலை

பெட்டி திறந்துவிட்டது, இணையமும் வந்துவிட்டது. பெரும்பாலோர் இங்கே நின்றுவிடுகிறார்கள். உண்மையில் ஆபத்து மிகுந்த வேளை இதுதான். ரீசெட் செய்த பெட்டி, உலகில் எவரும் அறிந்த நிலைக்குத் திரும்பியிருக்கிறது. பழைய பெட்டிகளில் பயனர் பெயரும் ‘அட்மின்’, கடவுச்சொல்லும் ‘அட்மின்’. சிலவற்றில் வைஃபைக்குக் கடவுச்சொல்லே இராது.

இதன் விளைவை நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் கண்டோம். பாரத் சஞ்சார் நிகாம் நிறுவனத்தின் கர்நாடக வட்டத்தில் பல்லாயிரம் வாடிக்கையாளர்களின் மோடங்களைத் தீநிரல் ஒன்று செயலிழக்கச் செய்தது. அது எந்த நுட்பமான பூட்டையும் உடைக்கவில்லை. தொழிற்சாலையில் இடப்பட்ட ‘அட்மின்’ என்ற கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்த பெட்டிகளுக்குள் நேரே நுழைந்தது. கடவுச்சொல்லை உடனே மாற்றும்படி நிறுவனம் தன் வாடிக்கையாளர்களை வேண்டிக்கொண்டது.

அங்கு மோடம் நின்றுபோனதால் கோளாறு வெளிப்படையாகத் தெரிந்தது. வங்கி வாடிக்கையாளருக்கு அதைவிடக் கவலை தருவது, எதுவும் நின்றுபோகாத தாக்குதல். 2018-இல் பிரேசிலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டு ரவுட்டர்கள் இவ்வாறு வசப்படுத்தப்பட்டன. ரவுட்டரில் ‘டி.என்.எஸ்.’ என்றோர் அமைப்பு உண்டு. நீங்கள் வங்கியின் பெயரைத் தட்டச்சு செய்தால், அந்தப் பெயருக்குரிய எண் முகவரி யாது என்று ரவுட்டர் யாரைக் கேட்க வேண்டும் என்பதை அது குறிக்கிறது. ஊரில் வழி கேட்பதற்கு ஒரு பெரியவரை நம்பியிருப்பது போல. களவாடுவோர் அந்தப் பெரியவரை மாற்றிவிட்டுத் தம் ஆளை உட்கார வைத்தார்கள். அதன்பின் வாடிக்கையாளர் பிரேசில் வங்கிகளின் சரியான பெயரையே இட்டார். வந்து நின்றதோ போலிப் பக்கம். கணினியில் தீநிரல் இல்லை, கைப்பேசியில் ஐயத்துக்குரிய செயலி இல்லை. கோளாறு முழுவதும் சுவரில் மாட்டிய பெட்டிக்குள் இருந்தது. இதற்கு முன்னும் ‘டி.என்.எஸ். சேஞ்சர்’ என்ற தீநிரல் உலகெங்கும் பல லட்சம் கணினிகளில் இதே உத்தியைக் கையாண்டது. 2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை அக்கும்பலை முடக்கியது.

எனவே பெட்டி திறந்தவுடன் முதல் வேலை, இணையத்தில் எதையும் பார்ப்பதற்கு முன்பே, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவது. அடுத்து வைஃபை கடவுச்சொல். இதற்கு எட்டு முதல் அறுபத்து மூன்று எழுத்துகள்வரை இடமுண்டு. நான்கு தொடர்பற்ற சொற்களைச் சேர்த்து எழுதினால் நீளமும் கிட்டும், நினைவிலும் நிற்கும். பேரனின் பெயரும் பிறந்த ஆண்டும் வேண்டாம். அடுக்குமாடியில் அவை எல்லோரும் அறிந்தவை. பாதுகாப்பு வகையாக டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் அதையும், இல்லையேல் டபிள்யூ.பி.ஏ.2-ஐயும் தேர்ந்தெடுக்கவும். டபிள்யூ.இ.பி. என்ற பழைய வகை 2001-லேயே உடைபட்டது. பெட்டி அதை மட்டுமே அறிந்ததென்றால் பெட்டியை மாற்றும் காலம் வந்துவிட்டது. டபிள்யூ.பி.எஸ். வசதியின் குறைபாடு 2011 டிசம்பரில் வெளிப்பட்டது, அதை அணைத்துவிடலாம். வெளியிலிருந்து பெட்டியை நிர்வகிக்கும் வசதி திறந்திருந்தால் அதையும் மூட வேண்டும். டி.என்.எஸ். பகுதியில் தானாகப் பெறும்படி அமைந்திருக்கிறதா என்று பார்த்து, மென்பொருள் புதுப்பிப்பு ஏதேனும் காத்திருந்தால் நிறுவிக்கொள்ளவும்.

கடவுச்சொல் இல்லாத வைஃபையைத் தாராள மனப்பான்மையாகக் கருதுவோர் உண்டு. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குப் பொறுப்பேற்ற மின்னஞ்சல், நவி மும்பையில் வசித்த ஒரு வெளிநாட்டவரின் பாதுகாப்பற்ற வீட்டு வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. காவல்துறை முதலில் சென்று நின்றது அவர் வீட்டு வாசலில். அதே ஆண்டு செப்டம்பரில் தில்லியில் குண்டுகள் வெடித்தபோதும், மின்னஞ்சல் மும்பையில் வேறொருவருடைய வைஃபை வழியாகவே வந்தது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடமே முதல் கேள்வி கேட்கப்படும்.

வங்கிப் பக்கத்தைத் திறக்கும்போது ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ளுங்கள். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் ‘பாதுகாப்பற்றது’ என்ற எச்சரிக்கை வருவது இயல்பு. அது வீட்டுக்குள்ளான பக்கம். அதற்கு வெளியுலகச் சான்றிதழ் இராது. வங்கிப் பக்கத்தில் அதே எச்சரிக்கை வந்தால் ஒரு கணமும் தொடரக் கூடாது. இந்திய வங்கிகளுக்கென ‘.பேங்க்.இன்’ என்ற தனி முகவரி முடிவை ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்தது. வங்கிகள் அல்லாதோர்க்கு அது வழங்கப்படுவதில்லை. முகவரி அவ்வாறு முடிகிறதா என்பதையும், சான்றிதழ் எச்சரிக்கை எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வழிகாட்டும் பெரியவர் மாறிவிட்டாரா என்பது தெரிந்துவிடும். ஐயம் எழுந்தால் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் அதே பக்கத்தைத் திறந்து ஒப்பிடுவது எளிய சோதனை.

உதவிக்கு அழைக்கும் எண்

இப்போது அந்தக் ‘கஸ்டமர் கேர்’ எண்ணுக்கு வருவோம். மறுமுனையில் பேசுபவர் மிகவும் பணிவாகப் பேசுவார். உங்கள் ரவுட்டர் ‘சர்வரில் பூட்டப்பட்டுள்ளது’ என்பார். அதைத் திறக்க ஒரு செயலியை நிறுவச் சொல்வார். அது உங்கள் திரையை அவருக்குக் காட்டும் செயலி. எனிடெஸ்க் போன்ற, நேர்மையான பணிகளுக்காக உருவான செயலிகளே இதற்குத் தவறாகப் பயன்படுகின்றன. அது குறித்து 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரித்தது. பிறகு பத்து ரூபாய் பதிவுக் கட்டணம் செலுத்தச் சொல்வார். நீங்கள் செலுத்தும்போது உங்கள் விரல் தொடும் ஒவ்வொரு இலக்கத்தையும், வந்து விழும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் அவர் தம் திரையில் காண்பார்.

ரவுட்டரைத் திறக்க ஒருமுறைக் கடவுச்சொல் எதுவும் தேவையில்லை. சேவை நிறுவனம் உங்களை அடையாளம் காண அனுப்புவது தவிர. அதுவும் நீங்கள் ரசீதிலுள்ள எண்ணை அழைத்தபோது மட்டுமே பொருந்தும். வங்கிக் கணக்கு எண்ணோ, அட்டை எண்ணோ, யு.பி.ஐ. இரகசிய எண்ணோ எந்த ரவுட்டருக்கும் வேண்டியதில்லை. திரையைப் பகிர்ந்து செய்ய வேண்டிய பணியும் அதில் ஏதுமில்லை. முள் உங்கள் கையில்தானே இருக்கிறது.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டால் வெட்கத்தால் காலம் தாழ்த்த வேண்டாம். கைப்பேசியை உடனே விமான நிலைக்கு மாற்றி இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு தொலைபேசியிலிருந்து முதலில் உங்கள் வங்கியையும் பிறகு 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணையும் அழையுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, வங்கியோ வாடிக்கையாளரோ காரணமாகாமல் மூன்றாம் தரப்பு முறைகேட்டால் பணம் பறிபோனால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பு இல்லை; நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அவருடைய பொறுப்பு வரம்புக்கு உட்பட்டது. கடவுச்சொல்லைத் தாமே பகிர்ந்தவர் நிலை வேறு. வங்கிக்குத் தெரிவிக்கும் நொடிவரை நேர்ந்த இழப்பு அவரைச் சேரும். தெரிவித்தபின் நேர்வது அவரைச் சேராது. ஆகவே ஒவ்வொரு நிமிடத்துக்கும் ரூபாய்க் கணக்கு உண்டு.

புதிய கடவுச்சொற்களை எங்கே எழுதி வைப்பது என்பது பலரின் ஐயம். வீட்டு ரவுட்டரைப் பொறுத்தவரை, வீட்டுப் பத்திரங்களோடு இருக்கும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பதில் தவறில்லை. இணையத்தின் மறுகோடியில் இருக்கும் திருடனால் இரும்பு அலமாரியைத் திறக்க இயலாது. அதில் நிர்வாகப் பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை கடவுச்சொல், சேவை நிறுவனம் தந்த இணைப்பு விவரங்கள், ரசீதிலுள்ள உதவி எண், மாற்றிய தேதி ஆகியவை இருக்கட்டும். வங்கிக் கடவுச்சொற்களை மட்டும் அந்தப் பக்கத்தில் எழுத வேண்டாம்.

குடியிருப்பைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கும் நாளில் இதே முள்ளை மற்றொரு முறை பயன்படுத்த வேண்டும். சொந்தப் பெட்டியாயின் எடுத்துச் செல்வதற்கு முன்போ, பிறருக்குக் கொடுப்பதற்கு முன்போ ரீசெட் செய்துவிடுங்கள். அதில் உங்கள் இணைப்பின் கடவுச்சொல் இருக்கிறது. சேவை நிறுவனத்தின் பெட்டியாயின் இணைப்பை எழுத்து மூலம் நிறுத்தச் சொல்லி, பெட்டியை ஒப்படைத்ததற்கு ரசீது பெற்று, முன்வைப்புத் தொகை உங்கள் கணக்கில் வரவாகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரிலேயே இணைப்பை விட்டுச் சென்றால், அடுத்து அந்த வீட்டுக்கு வருபவர் அதில் செய்வதெல்லாம் உங்கள் பெயரிலேயே பதிவாகிக்கொண்டிருக்கும்.